நானாய் பெயரில் எழுதியவள்

அத்தியாயம் 14

ஜெர்லினைத் திட்டிக் கடிதம் எழுதிய வாசகிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இந்த வாரமும் தேவைப்படும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்பாவான் ஊரில் டொரெஃபியல் குடும்பம். மார்ச் மாதக் கடைசியில் நானாய், அதாவது அம்மா, கொன்சிங்குக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. மகன் எட்மர் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கப்பலேறியிருந்தான். இந்தத் தடவை ஒப்பந்தத்தை முழுசாக முடித்தால் அவன் அடுத்த அதிகாரி பதவியான இரண்டாம் மேட் பரீட்சைக்கு உட்காரலாம். பாதியில் இறங்கினால் எல்லாம் போச்சு.

"டிசம்பர்ல அவன் இறங்கற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அப்பா, டாட்டாய் ரூஃபோ, சொல்லிவிட்டார். நடுக்கடலில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை. கப்பல்காரர் வீடுகளில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், இதில் டாட்டாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அம்மாவுக்கு மகன் மெசேஜ் அனுப்பினால் பதில் போக வேண்டுமே? அந்த வேலையை மூத்தவள் ஜெர்லின் எடுத்துக்கொண்டாள். நானாயின் போன் ஆறு மாதமாக அவள் கைப்பையில்தான் கிடக்கிறது. போனில் காமிராவும் மைக்கும் கெட்டுவிட்டன, எழுதத்தான் முடியும் என்று ஒரு பொய். 'டிசம்பர்ல புதுசு வாங்கிட்டு வரேன் நானாய்' என்று அவன் எழுதியிருந்தான், பாவம்.

போன வாரம் அவள் நானாயின் மடங்கிய கையைத் தன் ஆபீஸ் விளம்பரத்துக்காகப் படம் பிடித்தாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழு மணி. டாட்டாய் அரிசிக் கஞ்சியை ஊதி ஊதி நானாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஜெர்லின் நின்றபடியே ரொட்டியைக் காபியில் தோய்த்து விழுங்கினாள்.

"இன்னிக்குத்தானே அந்த வீடியோ வருது?"

"மத்தியானம் ஒரு மணிக்கு, டாட்டாய்."

"இவ முகம் தெரியாதே?"

"கை மட்டும்தான் தெரியும். எத்தனை தடவ கேப்பீங்க?"

"மோதிரம்?"

"கழட்டிட்டுத்தானே எடுத்தோம்."

"பின்னாடி சுவத்துல தோத்தோ போட்டோ மாட்டியிருந்துச்சே?"

தம்பியை அந்த வீட்டில் யாரும் எட்மர் என்று கூப்பிடுவதில்லை, தோத்தோதான்.

"அதையும் எடுத்து உள்ள வெச்சுட்டேன். மேசை விரிப்பக்கூட மாத்தினேன். போதுமா?"

டாட்டாய் தலையாட்டினார். முப்பது வருஷம் டிரைசிக்கிள் ஓட்டிய மனுஷர், எதையும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். இந்த வீடியோவுக்கே அவர் சம்மதித்தது ஜெர்லின் கெஞ்சியதால். 'வேலைல இது ஒண்ணு ஜெயிச்சா நிரந்தரமாக்கிடுவாங்க, டாட்டாய்' என்று காலில் விழாத குறைதான்.

அதே நேரம் கைப்பைக்குள் நானாயின் போன் சிணுங்கியது. எட்மர்தான்.

'நானாய், நல்லாத் தூங்கினியா? இங்க பகல்ல வெயில் கொளுத்துது, ராத்திரி தூக்கமே வரல. மனாங் ஒழுங்கா வீட்டுக்கு வராளா, இல்ல ஆபீஸே கதின்னு கெடக்காளா?'

மனாங் என்று அவன் சொல்வது அக்காவை. ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. கட்டைவிரல் ஓடியது. 'அவள விடு. நீ டெக்ல நிக்கறப்போ தலைல துணி கட்டிக்கோ. சாப்பாட்ட மிச்சம் வெக்காத.' கடைசியில் மூன்று முத்தம். நானாய் எழுதுகிற மாதிரியே. அச்சு அசல்.

ஒருத்தர் குரலில் எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

இலோய்லோ நகரத்தில் மண்டூரியாவ் பக்கம் அவள் ஆபீஸ். ஆன்லைன் விளம்பரக் கம்பெனி. இப்போது கையில் இருக்கிற வாடிக்கையாளர் 'ஹண்டா' என்கிற கடை. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் போனிலேயே பணம் கட்டினால், அவர்கள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் விருந்துக்கூடை வந்து இறங்கும். பன்றித் தொடை, உருண்டைச் சீஸ், ஸ்பகெட்டி, பழக்கலவை, எல்லாம். செப்டம்பர் பிறந்தாலே எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று கணக்கு. கடைகளில் பாட்டு போட்டுவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணி! யார் மூளை இது?" என்று மேம் கிளாரிஸ் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"நான்தான், மேம்."

"ஏன்னு எல்லாருக்கும் சொல்லு, ஜெர்."

"அங்க ரியாத்துல, ஜெட்டாவுல லீவு நாளு. காலைல கண்ணத் தொறந்ததும் படுக்கைல கெடந்தே போனத் தடவுவாங்க. அப்போதான் வீட்டு ஞாபகம் பிச்சுத் தின்னும்."

"வீடியோல ஏன் குரலே இல்ல?"

"ஜீப்னில, பஸ்ல சத்தமில்லாமத்தான் பாப்பாங்க. எழுத்துதான் பேசணும், மேம்."

"கேட்டுக்கோங்க!" என்றாள் மேம். "நம்ம ஜனம் விலையப் பாத்து வாங்காது. அழுதுட்டு வாங்கும். அழுதுட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டும். அக்கா சித்தியக் கூப்பிடுவா. ஒருத்தர அழ வெச்சா ஒன்பது பேர் வந்தாச்சு. நடிக்கறவங்களப் போட்டா ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுக் கிழிச்சுடுவாங்க. இது நெஜக் கை, நெஜக் கஞ்சி. எங்கடி புடிச்ச அந்த வாக்கியத்த? நான் நேத்து மூணு தடவ அழுதேன்."

ஜெர்லின் குனிந்து மேசைமேல் காகிதங்களை அடுக்கினாள். ஏன் என்று நான் சொல்கிறேன்.

நாற்பது விநாடி வீடியோ. ஒரு ஆணின் கை கஞ்சியை ஊட்டுகிறது. மேசைமேல் ஒரு பெண்ணின் கை மடங்கிக் கிடக்கிறது. திரையில் எழுத்து வருகிறது: 'நானாய், இங்க சாப்பிடும்போது பக்கத்து நாற்காலிய உனக்குன்னு வெச்சிருக்கேன். யாராவது உக்கார வந்தா, ஆள் இருக்குன்னு சொல்லிடுவேன்.'

அது ஜெர்லின் எழுதியதில்லை. மே மாதம் எட்மர் தன் நானாய்க்கு எழுதியது. படிக்கக் கூடாதவள் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே எடுத்து விளம்பரத்தில் போட்டுவிட்டாள். மோதிரத்தை மறைத்தாள், போட்டோவை மறைத்தாள், மேசை விரிப்பை மாற்றினாள். அவன் வார்த்தையை மட்டும் அவனிடமிருந்து மறைக்க முடியாது என்று அவள் மூளைக்குத் தோன்றவே இல்லை! கெட்டிக்காரிதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

பயம் இல்லாமல் இல்லை. விளம்பரம் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று குறிக்கிற பட்டியலில், கப்பலில் வேலை செய்பவர்கள் என்ற இடத்தில் அவள் 'வேண்டாம்' என்று குறித்திருந்தாள். அது போதும் என்று நினைத்தாள்.

ஒரு மணிக்கு வீடியோ போனது. ஒன்றரைக்குள் ஆபீஸே கூச்சல். ஷேர் ஏறிக்கொண்டே போனது. ஜெட்டாவிலிருந்து ஒரு நர்ஸ், 'கழிவறைக்குள் போய் அழுதேன்' என்று எழுதியிருந்தாள். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறவள் தன் நாலு தங்கைகளையும் பெயர் போட்டு இழுத்திருந்தாள். கூடை ஆர்டர் வந்து குவிந்தது. மேம் எல்லாருக்கும் பாச்சோய் நூடுல்ஸ் வரவழைத்தாள்.

"நிரந்தரம்னு வெச்சுக்கோ" என்று ஜெர்லின் காதில் சொன்னாள். "திங்கக்கிழமை கையெழுத்து."

ஜெர்லின் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பொய் சொல்லக் கூடாது. இரண்டு மணி ஐந்து நிமிஷம் வரைக்கும் அவளைப் போலச் சந்தோஷமானவள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

இரண்டு ஐந்துக்கு ஒரு கமெண்ட் வந்தது. நோலி என்று ஒரு ஆள், படத்தில் சமையல்காரர் தொப்பி.

'அட, இது எங்க மூணாம் மேட் எட்மர் வாக்கியமாச்சே! மெஸ்ல தினமும் பக்கத்து நாற்காலியப் புடிச்சு வெச்சுட்டு ஆள் இருக்கும்பார். யாருய்யா அந்த ஆளுன்னு கேட்டா சிரிப்பார். பத்து மணிக் காபி குடிச்சிட்டே பாக்கறோம், எல்லார் கண்ணுலயும் தண்ணி. மேட் இப்ப மேல வாட்ச் டூட்டில இருக்கார். பன்னெண்டு மணிக்கு இறங்கட்டும், மொதல்ல காட்டிடறோம்!'

ஜெர்லின் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். அவர்கள் கப்பலுக்குப் பன்னிரண்டு மணி என்றால் இங்கே நாலு. இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"மேம்! கப்பல்காரங்க பட்டியல்ல எப்படி வந்தாங்க?"

"நான்தான் காலைல சேத்தேன். நல்லவேளை பாத்தேன், நீ 'வேண்டாம்'னு குறிச்சிருந்த. இலோய்லோல வீட்டுக்கு ஒரு கப்பல்காரன், அவங்கள விட்டா யாருடி வாங்குவா?"

"மேம், வீடியோவ எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னது?"

"அது என் தம்பி எழுதினது. அந்தக் கை எங்க நானாயோடது. நானாய் படுத்தது அவனுக்குத் தெரியாது."

மேம் கிளாரிஸ் அவளைத் தனியாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஊர்க்காரர்கள் கோபத்தில்கூடத் தாலாட்டுகிற மாதிரிதான் பேசுவார்கள். மேம் இன்னும் மெதுவாகப் பேசினாள்.

"ஜெர், நான் எடுத்தாலும் ஜனங்க விடமாட்டாங்க. இதுக்குள்ள ஆயிரம் பேர் தனியாச் சேமிச்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணு சொல்லட்டுமா? இது நெஜக் கதைன்னா இன்னும் பெருசு. உன் தம்பி டிசம்பர்ல வீட்டுக்குள்ள நுழையறத எடுத்தோம்னா..."

"மேம்!"

"சரி, சரி. அப்புறம் பேசலாம். நீ வீட்டுக்குப் போ."

ஜீப்னியில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். டிக்பாவான் போக ஒரு மணி நேரம் ஆகும். எதிரில் ஒரு பெண் போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது தன் வீடியோதானா என்று எட்டிப் பார்க்க ஜெர்லினுக்குத் தைரியம் இல்லை.

நானாயின் போனைக் கையில் எடுத்தாள். அவன் வாட்ச் முடிந்து இறங்குவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். 'தோத்தோ' என்று ஆரம்பித்தாள். அழித்தாள். 'தோத்தோ, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம்.' சப்பென்று இருந்தது, அழித்தாள். 'நீ கோபப்படாம கேளு.' அதையும் அழித்தாள். வழியில் ஓட்டன் ஊர் தாண்டியாயிற்று. அந்த நேரத்திலும் அவள் நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள், நெஞ்சில் இருந்ததை அப்படியே போட்டு அனுப்பத் தெரியவில்லை. ஐயோ பெண்ணே, எழுத்துப் பிழையோடு இரண்டு வரி போட்டிருந்தால் போதுமே!

பழைய மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஜூன் வந்ததும் விரல் நின்றது.

இதை உங்களிடமும் நான் இதுவரை மறைத்துவிட்டேன், மன்னியுங்கள். எட்மருக்கு மைலின் என்று ஒரு பெண். ஆறு வருஷப் பழக்கம். வெளியூரில் வேலை, நானாய் படுத்தது அவளுக்கும் தெரியாது. 'கப்பல விட்டுடு, டிசம்பர்ல கல்யாணம் பண்ணிக்கலாம், ரெண்டு பேரும் இங்கயே கடை வெக்கலாம்' என்று அவள் கேட்டிருந்தாள். எட்மர் அதை நானாய்க்கு எழுதினான். 'நீ என்ன சொல்றியோ அதுதான், நானாய். நீ சரின்னா இறங்கிடறேன்.'

அது வந்த வாரம் வீட்டில் நிலைமை மோசம். நானாய்க்கு மருந்து, பயிற்சி, ஆள் என்று எல்லாமே எட்மரின் கப்பல் சம்பளத்தில்தான் ஓடியது. ஜெர்லினுக்கு அப்போது பாதி நாள் வேலைகூட இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் எழுதினாள். 'அவ உன்னக் கடல்லேந்து இறக்கிடுவா, தோத்தோ. எனக்கு மனசு ஒப்பல. அவ வேண்டாம்.' கடைசியில் மூன்று முத்தம்.

அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதே வாரம் மைலினை விட்டுவிட்டான். போன மாதம் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது.

'ஜூன் பத்தி மட்டும் கேட்டுடாத, தோத்தோ' என்று ஜீப்னியில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டாள். 'மத்ததுக்கெல்லாம் திட்டு, அடி. அது மட்டும் வேண்டாம்.'

வீட்டுக்குள் நுழையும்போது நாலாக ஐந்து நிமிஷம். நானாய் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். டாட்டாய் அவள் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி வர?"

"தோத்தோவுக்குத் தெரிஞ்சுடப் போகுது, டாட்டாய்."

"எப்படித் தெரியும்? முகம்தான் இல்லையே!"

"அந்த எழுத்து அவனோடது. நானாய்க்கு அவன் எழுதினத எடுத்துப் போட்டுட்டேன்."

டாட்டாய் நகவெட்டியைக் கீழே வைத்தார். "அவன் நம்ம கொன்சிங்குக்கு எழுதினதயா? ஊருக்கே காட்டினியா?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. ஜெர்லினுக்கு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நானாயின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு.

எட்மர் இன்னும் சீருடையில் இருந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மனாங். நானாயக் காட்டு."

போனைத் திருப்பினாள். அவன் பார்த்தான். கோணிய உதட்டைப் பார்த்தான், மடியில் கிடந்த கையைப் பார்த்தான். நானாய் அவன் முகத்தைக் கண்டதும் ஏதோ ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பா, அழுகையா தெரியவில்லை.

"வலிக்குதா, நானாய்?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"எப்போலேந்து?"

டாட்டாய் முன்னால் வந்தார். "மார்ச் கடைசிலேந்து, தோத்தோ. நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். இவங்க மேல தப்பில்ல."

"பரவால்ல டாட்டாய். கப்பல்ல எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். நோலியோட அப்பா செத்ததே அவருக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். எனக்கு அதுல கோபம் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டான். "மனாங், எனக்கு வந்த பதிலெல்லாம்?"

"நான்தான், தோத்தோ."

"தலைல துணி கட்டிக்கோன்னு சொன்னது?"

"நான்தான்."

"எல்லாமே?"

"எல்லாமே."

"ஜூன்ல வந்ததும்?"

ஜெர்லின் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்த வீட்டில் பேச்சு போனவள் ஒருத்தி அல்ல, இரண்டு பேர் என்று ஆகிவிட்டது.

"ஜூன்ல என்ன வந்துச்சு?" என்றார் டாட்டாய்.

"மைலினக் கட்டிக்கட்டுமான்னு நானாயக் கேட்டேன், டாட்டாய். வேண்டாம்னு பதில் வந்துச்சு. நானாயே சொல்லிட்டாளேன்னு விட்டுட்டேன்."

நானாயின் கண் அகலமாகத் திறந்தது. ஆறு மாதமாக மைலின் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று அவள் தனக்குள்ளேயே எத்தனை தடவை கேட்டிருப்பாளோ! தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லை என்று விடாமல் ஆட்டினாள். "மை... மை..." என்றாள், அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. எச்சில் வழிந்தது. டாட்டாய் துடைக்கப் போனார், இடது கையால் அவரைத் தள்ளிவிட்டாள்.

"நீ சொல்லலையா, நானாய்?"

இல்லை.

"உனக்கு அவளப் புடிச்சிருந்துச்சா?"

நானாய் ஆமாம் என்று தலையசைத்து, வாய்விட்டு அழுதாள்.

"தோத்தோ, நம்ம நிலைமை அப்போ..." என்று ஜெர்லின் ஆரம்பித்தாள். "மருந்துக்கு, பயிற்சிக்கு எல்லாம் நீ அனுப்பறதுதான்... நீ இறங்கிட்டா நானாய..."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே, மனாங். 'நானாய்க்கு முடியல, இறங்காத'ன்னு சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனே. மைலின்கூடக் காத்திருந்திருப்பா."

ஜெர்லின் போனைப் பிடித்தபடியே நானாயின் காலடியில் உட்கார்ந்தாள்.

"போன நானாய் கைல குடு" என்றான். "டாட்டாய் புடிச்சுக்கட்டும். நீ கொஞ்சம் வெளில போ."

"தோத்தோ, ஒரே ஒரு வார்த்தை..."

"வெளில போ, மனாங்."

போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். டாட்டாய் கதவைச் சாத்தினார். ஓசைப்படாமல்தான் சாத்தினார். வாசலில் டிரைசிக்கிள் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் சொந்த போனில் மேம் கிளாரிஸ் மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று என்று மெசேஜும் வந்திருந்தது. ஜெர்லின் அதை அணைத்தாள்.

உள்ளே எட்மர் பேசிக்கொண்டிருந்தான், தணிந்த குரலில், வெகுநேரம். இடையிடையே நானாயின் உடைந்த சத்தம் கேட்டது. கதவில் காதை வைத்தால் கேட்டிருக்கும். ஜெர்லின் வைக்கவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக, தன் தம்பி நானாயிடம் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.